கல்பாலத்து ஊருக்கு நான்கு நாள்

ஜூன் 14, ஞாயிறு

காலையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றி விளக்கேற்றிவிட்டு வந்தால், இவர் வாசலில் உட்கார்ந்து வீட்டிலுள்ள செருப்பையெல்லாம் துடைத்துக்கொண்டிருக்கிறார். என் பாத்ரூம் சிலிப்பர் உட்பட. முப்பத்திரண்டு வருஷம் ரயில் ஓட்டிய மனிதர், பணி ஓய்வு பெற்று இரண்டு வாரம் ஆகிறது. துடைக்க இனி வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

தனேஷ் பினாங்கிலிருந்து கிள்ளானுக்கு வந்திருக்கிறான். எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்குப் பிள்ளை எங்களை எங்காவது அனுப்ப வேண்டுமாம். "பத்து நாள்ல ஏழு நாடு, அந்த மாதிரி டூர் வேணாம்மா. ஒரே ஊரு. நாலு நாளு. சும்மா நடங்க, உக்காருங்க, காப்பி குடிங்க. ரிலாக்ஸ்லா" என்று போனில் படம் காட்டினான். ஜெர்மனியில் ரெகன்ஸ்பர்க் என்று ஒரு பழைய ஊர். ஒரு பெரிய ஆறு, அதன் மேல் எண்ணூறு வருஷத்துக்கும் மேலான கல்பாலம், இரட்டைக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம்.

நான் கோபுரத்தைப் பார்த்தேன். இவர் எட்டிப் பார்த்து, "அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கடை இருக்கு. கரியில சாஸேஜ் சுடுறாங்க. ரொம்ப காலத்துக் கடை. யூடியூப்ல பாத்தேன்" என்றார்.

இரண்டு வாரத்தில் இவர் சேர்ந்தாற்போல் பேசியது இவ்வளவுதான். நானும் தனேஷும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அங்கேயே முடிவாகிவிட்டது.

தேதி பார்ப்பது என் பொறுப்பு. அழைப்பிதழ் நோட்டை எடுத்தேன். யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுக் காதுகுத்து, நாம் போய் என்ன செய்ய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். ஆகஸ்ட் கடைசி தொடங்கி செப்டம்பர் பாதி வரை மூச்சுவிட இடமில்லை. அக்டோபர் முதல் வாரம் மட்டும் பளிச்சென்று காலி. ஒரு விசேஷம் இல்லை! நவராத்திரிகூடப் பதினொன்றாம் தேதிதான் ஆரம்பம். பெருமாளே எங்களுக்கென்று ஒதுக்கி வைத்த மாதிரி.

ஜூன் 16, செவ்வாய்

டிக்கெட் போட்டாயிற்று. அக்டோபர் ஒன்று இரவு புறப்பாடு. தேதி மாற்ற முடியாத டிக்கெட். பாஸ்போர்ட் படத்தில் இரண்டு பேரும் திருடர் மாதிரி இருக்கிறோம்.

ஜூலை 5, ஞாயிறு

மூன்று நாளாக உட்கார்ந்து அட்டவணை போட்டு முடித்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வரைபடம் பார்ப்பதெல்லாம் நானாகப் பழகியது. காலை 7.00 பூஜை. 7.30 பசியாறல். 8.15 பாலம். 8.45 தேவாலயம். 9.40 ரோமர் காலத்துக் கல்வாசல். 10.05 பழைய நகர மண்டபம். நாலு நாளுக்கும் இப்படியே, இரண்டு பக்கமும் எழுதி, சிவப்பு மையில் கோடு போட்டு.

தனேஷுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன். "ம்மா, இது ஹாலிடேயா, எஸ்பிஎம் பரீட்சையா?"

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "முப்பத்திரண்டு வருஷம் டைம்டேபிள்ல ஓடுனவன் நான். இதுல லேட்டானா யாருக்கு ரிப்போர்ட் எழுதணும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் கேள்வி உள்ளே நிற்கிறது. ஏன் இப்படிக் கால்மணி நேரம் விடாமல் அடைத்தேன்?

இங்கே எழுதினால் யார் பார்க்கப்போகிறார்கள். பயம். அதுதான். இவர் டியூட்டிக்குப் போவார், வருவார், தூங்குவார். பேசியதெல்லாம் பிள்ளையின் பள்ளிக்கூடம், கேஸ் தீர்ந்தது, கூரை ஒழுகுகிறது. அந்த ஊரில் பிள்ளை கிடையாது, கேஸ் கிடையாது, ஒழுகுகிற கூரை கிடையாது. சும்மா உக்காருங்க என்கிறான் தனேஷ். உட்கார்ந்து? நாலு நாள் இந்த மனிதரோடு நான் என்ன பேசுவேன்?

ஜூலை 9, வியாழன்

இன்றைக்குப் படித்த ஜெர்மன்: குட்டன் டாக் - வணக்கம். டாங்க - நன்றி. ஓன ஃப்ளைஷ் - இறைச்சி இல்லாமல். கடைசிச் சொல் என் வெள்ளிக்கிழமை விரதத்துக்கு.

ஜூலை 24, வெள்ளி

ஐயோ.

ஆடி வெள்ளி, தாயாருக்கு மாலை கொடுக்கப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். உபயம் பதிகிற மேசையில் இராமலிங்கம் அண்ணன். என்னைப் பார்த்ததும், "மலரு, மூணாவது சனி வழக்கம்போல ஒன்னோட புளியோதரைதானே? அக்டோபர் மூணு. எழுதிக்கிறேன்" என்றார்.

"எழுதிக்கிங்கண்ணே" என்று நாலு அடி நடந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அக்டோபர் மூன்று. மூன்றாம் சனி. புரட்டாசி!

நாங்கள் போகிற அத்தனை நாளும் புரட்டாசி. வீட்டில் முட்டைகூட ஏறாத மாதம். அழைப்பிதழ் நோட்டு ஏன் காலியாக இருந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா? புரட்டாசியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? நோட்டில் இங்கிலீஷ் மாதம், பூஜை அறைக் காலண்டரில் தமிழ் மாதம். முப்பது வருஷமாக இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

அண்ணனிடம் சொன்னேன். மேசையைத் தட்டிச் சிரித்தார். "புரட்டாசி எப்பப் பொறக்குதுன்னு கிள்ளான்ல எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்றவளே நீதான்! போயும் போயும் சாஸேஜ் ஊருக்கா?" என் புளியோதரையை முதல் சனிக்கு மாற்றி எழுதிக்கொண்டார்.

அது மாறிவிட்டது. டிக்கெட் மாறாது. இவர் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான். எப்படிச் சொல்வேன்?

ஜூலை 25, சனி

சொன்னேன். "பரவால்ல" என்றார்.

இவருடைய 'பரவால்ல' எனக்குத் தெரியும். கதவைச் சாத்துகிற சத்தம் அதற்குள் இருக்கும். சரி, நாமே விட்டுக்கொடுப்போம் என்று, "நீங்க சாப்பிடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வேலையில இருந்தப்ப கெமாஸ் ஸ்டேஷன்ல தங்குவீங்களே, அங்க புரட்டாசியில சாப்பிடாததா?" என்றேன்.

நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். சத்தியமாக. வாயிலிருந்து வந்தபோது வேறு மாதிரி வந்துவிட்டது. இவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. மூன்று மணிக்கு வந்து தானே போட்டுச் சாப்பிட்டார்.

நாலு நாளுக்கு என்ன பேசுவது என்று பயந்தேனே. இந்த ஒரு நாளே நகரமாட்டேன் என்கிறது.

ஜூலை 26, ஞாயிறு

காலையில் அடுப்படிக்கு வந்தால் மேசை மேல் ஒரு சின்ன ரைஸ் குக்கர். கைக்கு அடக்கமானது. ஒரு கைப்பிடி உடைந்து, கம்பியால் கட்டியிருந்தது. நான் பார்த்ததே இல்லை.

"என்ன இது?"

"கெமாஸ்ல என் லாக்கர்ல இருந்தது. ரிட்டயர் ஆன அன்னிக்குக் கொண்டாந்து ஸ்டோர்ல வச்சேன்."

"இது எதுக்கு உங்களுக்கு?"

"புரட்டாசிக்கு."

எனக்கு விளங்கவில்லை. இவர் குக்கரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கல்யாணமான முதல் வருஷம் நான் கேட்டேனாம், வெளியூரில் தங்கினாலும் புரட்டாசியில் மட்டும் கவிச்சி வேண்டாம் என்று. இவர் சரி என்றாராம். அங்கே சுற்றி எந்தக் கடையிலும் கோழி இல்லாமல் சோறு கிடையாது. அதனால் குக்கர் வாங்கி, சோறு வைத்து, ரசம் வைத்து, தானே சமைத்துச் சாப்பிட்டாராம். முப்பது புரட்டாசி. "சின்னையா சிரிப்பான். கூட ஓட்டுவானே, அவன்தான். சாமியார் டிரைவர்னே எனக்குப் பேரு வச்சிட்டான்."

"ஏங்க சொல்லல?"

"நீ கேக்கலியே."

கேட்கவில்லைதான். முப்பது வருஷமாக மனசுக்குள் சந்தேகப்பட்டேன். கேட்டால் இவரைப் பொய் சொல்ல வைத்த பாவம் என்னைச் சேரும் என்று கேட்காமல் விட்டேன். அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்! சிங்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். இவர் பின்னால் வந்து நின்று, "தண்ணி வீணாப் போவுது" என்றார். சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப சாஸேஜ்?"

"ஆசைதான். இல்லேன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு நீயும் அவனும் என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஏதாச்சும் பேசணுமேன்னு பேசுனேன்."

இவருக்கும் அப்படித்தானா!

ஆகஸ்ட் 2, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஹலீமாவிடம் எல்லாம் சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அங்க பன்றி, இங்க புரட்டாசி. பேசாம என்னைக் கூட்டிட்டுப் போங்கக்கா, ஒங்க ரெண்டு பேருக்கும் நான்தான் சரியான ஜோடி." பிறகு உருப்படியாக ஒன்று சொன்னாள். "ஓட்டல் எதுக்கு? நாங்க எங்க போனாலும் அடுப்பு இருக்குற வீடாப் பாத்துதான் எடுப்போம். அரிசியக் கட்டிக்கிட்டுப் போங்கலா."

தனேஷ் ஓட்டலை ரத்து செய்துவிட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் அடுப்படியோடு ஒரு சின்ன வீடு எடுத்துவிட்டான். நாங்கள் திரும்பும்வரை துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஹலீமா பொறுப்பு.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

பழைய துணி விற்கிற பண்டல் கடையில் குளிர் ஜாக்கெட். இவருக்குப் பச்சை, எனக்கு அரக்கு. போட்டுப் பார்த்து, கிள்ளான் வெயிலில் வெந்தோம்.

செப்டம்பர் 19, சனி

முதல் சனி. புளியோதரை கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த வருஷம் புளி கரைத்தது இவர். இராமலிங்கம் அண்ணன் வாயில் போட்டுக்கொண்டு, "இந்தத் தடவ என்னமோ நல்லாருக்கே" என்றார். இந்தத் தடவையாம்! இவர் மேலே பார்த்துக்கொண்டார், பெருமாளைச் சேவிக்கிற மாதிரி.

செப்டம்பர் 30, புதன்

பெட்டியில்: அரிசி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், பெருமாள் படம், அட்டவணை. "அங்கதான் அடுப்பு இருக்கே" என்றேன். "இது எனக்குக் கை பழகுனது" என்று இவர் குக்கரைத் தன் ஜாக்கெட்டில் சுற்றி வைத்தார்.

அக்டோபர் 2, வெள்ளி

வந்து சேர்ந்தோம். விமானம் இறங்கிய ஊரிலிருந்து ரயில். அது நாலு நிமிஷம் தாமதம். இவருக்கு அதில் எவ்வளவு சந்தோஷம்! கைக்கடிகாரத்தைக் காட்டிக்காட்டி, "பாத்தியா, இவங்களுக்கும் ஆவுது." வழியெல்லாம் சிக்னல், தண்டவாளம், கம்பி என்று எனக்குப் பாடம். ஒன்றரை மணி நேரம் வாய் ஓயவில்லை. அட்டவணைப்படி அந்த நேரத்தில் நான் 'தூக்கம்' என்று எழுதியிருந்தேன்.

அக்டோபர் 3, சனி

கடைத்தெரு முழுக்க மூடிக் கிடக்கிறது. இன்றைக்கு அவர்கள் நாட்டின் விடுமுறை நாளாம். நாளைக்கு ஞாயிறு, நாளைக்கும் திறக்கமாட்டார்களாம். என் சிவப்புக் கோடுகளில் பாதி காலி. காலை 8.15-க்கு மட்டும் அட்டவணைப்படி பாலத்தில் இருந்தோம்.

பாலத்தின் நடுவில் கல்திண்டில் உட்கார்ந்தோம். கீழே ஆறு, நம்ம கிள்ளான் ஆறு மழைக்கு ஓடுகிற வேகத்தில், ஆனால் பச்சையாக. கரையிலிருந்து புகை வந்தது. விடுமுறையிலும் திறந்திருந்தது அந்தக் கடை. இவர் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார்.

"வாசனைக்கு விரதம் உண்டா மலரு?"

"தெரியலியே. இராமலிங்கம் அண்ணனுக்கு மெசேஜ் போட்டுக் கேக்கட்டுமா?"

சிரித்துக்கொண்டே இறங்கி அந்தக் கடைக்கே போனோம். நான் கடைப் பெண்ணிடம், "குட்டன் டாக். ஓன ஃப்ளைஷ்" என்றேன். அவள் சுட்டுக்கொண்டிருந்த சாஸேஜையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் இரண்டு ரொட்டியும் இனிப்புக் கடுகு விழுதும் கொடுத்தாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம். "நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர். "அடுத்த தடவ வைகாசியில வருவோம்" என்றேன். அடுத்த தடவை என்று எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் இவர் சமையல். என்னை ஜன்னலோர நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டார். முப்பது வருஷத்தில் நான் பார்க்காத கை அது: ரசத்துக்கு மிளகை டம்ளர் அடியால் நசுக்குகிறார். "கெமாஸ்ல அம்மி ஏது?" படத்துக்கு முன்னால் சோற்றை வைத்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் மெதுவாக "கோவிந்தா" சொன்னோம்.

சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு புரட்டாசியாகச் சொல்ல ஆரம்பித்தார். குக்கர் எரிந்துபோன வருஷம் மூன்று நாள் வாழைப்பழம் தின்றது. அதே வருஷம் வீட்டில் தனேஷுக்கு அம்மை போட்டிருந்தது, நான் இவரிடம் சொல்லவே இல்லை. இவர் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, மாலை ஐந்து மணிக்கு மூன்று வருஷம்தான் தாண்டியிருந்தோம்.

அக்டோபர் 5, திங்கள்

காலை: பாலம். மத்தியானம்: பாலம். இப்போது இவர் ரசம் வைக்கிறார்.

பதினொன்றாவது புரட்டாசியில் இருக்கிறோம். தேவாலயத்துக்குள் இன்னும் போகவில்லை. நாளைக்கு ரயிலுக்கு முன்னால் நேரம் இருக்குமா என்று கேட்கிறார். அட்டவணையைப் பார்த்தால் தெரியும். அது மேசை மேல், சூடான குக்கருக்கு அடியில் இருக்கிறது. ஆறட்டும்.