அறிக்கையில் அவள் பெயர் மல்லிகா

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து புகை. எதிர் பிளாக்கே தெரியவில்லை. தொண்டையில் கரகரப்பு.

வேலைகள்: வெள்ளி புரொஃபசர் இன்டர்வியூவுக்கு ஃபைல் அடுக்க. ஏர் பியூரிஃபையர் ஃபில்டர் மாற்ற (போன வாரமும் இதையே எழுதியிருக்கிறேன்). பட்டுப் புடவையா, காட்டனா? காட்டன்தான். மனித உரிமைக்காரி பட்டில் போனால் சிரிப்பார்கள்.

மத்தியானம் ஒரு போன்.

"டீச்சரு, நான் பழனியம்மா. நாலா சாக்கட ஓரத்துல இருக்கேனே, மறந்துட்டியா?"

மறப்பதா? என் பிழைப்பே அவள்தான். வடக்கே வந்து வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்களைப் பற்றி எங்கள் சட்டக் கல்லூரி மையம் போட்ட அறிக்கை, எட்டு வருஷம் இருக்கும். அதில் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவள் பேச்சு. அதை வைத்துத்தான் எனக்கு ஜெனீவா, கொழும்பு, வேலை நிரந்தரம், எல்லாம்.

"இடிக்கப் போறாங்களாம், என்னிக்குன்னு சொல்லல. எல்லார் கதவுலயும் நம்பர் போட்டாங்க, எனக்கு மட்டும் போடல. புரூஃப் கேக்குறான். நீ புக்கு போட்டியே, அதுல நான் இங்கதான் இருக்கேன்னு இருக்குமில்ல? அதக் கொண்டாந்து காட்டு."

பழைய குடியிருப்பு என்று நிரூபித்தால் மாற்று வீடு. இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. ரேஷன் கார்டு புருஷன் பேரில், அவன் கார்டோடு ஊருக்குப் போய் அங்கே வேறு குடும்பம். ஆதாரில் முன்பு எப்போதோ வேலை செய்த வேறொரு வீட்டு விலாசம்.

பார்க்கிறேன் என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது. புத்தகத்தில் பழனியம்மா இல்லை. மல்லிகா இருக்கிறாள்.

நவம்பர் 12, புதன்

தூக்கம் சரியில்லை. கல்லூரி போனதும் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். "பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன." வழக்கமான அடிக்குறிப்பு. பேச்சுப் பதிவுகளை ஆய்வு நெறிக்குழு (எதிக்ஸ் கமிட்டி) விதிப்படி அழித்தாயிற்று, அழித்ததற்குச் சான்றிதழ் வேறு. அவள் வீட்டு வாசல் போட்டோ இருக்கிறது, தேதியோடு. முகம் மங்கலாக்கப்பட்டது. நான்தான் உட்கார்ந்து மங்கலாக்கினேன், பெருமையாக.

அன்றைக்கு அவள் சண்டை போட்டாள். "எம் பேரைப் போடலன்னா நான் சொன்னதுன்னு யாருக்குத் தெரியும்?" நான் ஒரு பிரசங்கம் செய்தேன். உங்க பாதுகாப்புக்குத்தான், எஜமானி பால்கனியில வெச்சுப் பூட்டினதச் சொல்லியிருக்கீங்க, தெரிஞ்சா வேலை போயிடும் என்றெல்லாம். கடைசியில், "என்னமோ போடு, டீ ஆறுது" என்றாள். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். வருஷா வருஷம் வகுப்பில் இதை உதாரணமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள்.

வக்கீல் தோழியிடம் கேட்டேன். "மல்லிகா என்பது பழனியம்மாதான், இந்த வீட்டில் பார்த்தேன் என்று நீ ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடு. நாளைக்கே கோர்ட்டில் போட்டால் இடிக்கத் தடை கேட்கலாம்." ரொம்பச் சுலபம்.

சாயங்காலம் பழனியம்மாவிடம் போனில் விளக்கினேன். பேர் வெளியே வந்தால் எஜமானிக்குத் தெரியும், இன்னும் அதே வீட்டில்தானே வேலை?

"அந்த வேலை போனா இன்னொரு வேலை. வூடு போனா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

குளிர் தொடங்கிவிட்டது. ஸ்வெட்டரில் பாச்சை உருண்டை நாற்றம்.

மையத் தலைவரிடம் போனேன். நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம். கதவைச் சாத்திவிட்டு, அச்சா, உட்காருங்க என்றார். "எழுதிக் கொடுத்த வாக்கு அது. ஒரு பேரை உடைத்தால் மற்றப் பெண்கள் நம்மை நம்புவார்களா? நெறிக்குழு கூடட்டும். அதோடு நாளைக்கு உங்கள் இன்டர்வியூ. நெறிக்குழுவில் இருப்பவரே இன்டர்வியூ எடுக்கவும் உட்காருகிறார். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாமே."

சொன்னது பாதி நியாயம். எனக்கு வேண்டியிருந்தது மற்றப் பாதி.

பழனியம்மாவுக்குப் போன் செய்து, வக்கீல் ஊரில் இல்லை, திங்கட்கிழமை போடலாம் என்றேன். வக்கீல் ஊரில்தான் இருக்கிறாள். காலையில்கூட ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தி மெசேஜ் போட்டாள்.

"சரி டீச்சரு. நீ பாத்துப்ப" என்றாள் பழனியம்மா. திட்டியிருக்கலாம்.

ஃபில்டர் வாங்கினேன். அதற்கு நேரம் இருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் மலை மந்திர். படியேறும்போது மூச்சு வாங்கியது. முருகனிடம் இன்டர்வியூவை மட்டும் கேட்டேன். இறங்கி ஆட்டோவில் ஏறின பிறகுதான் பழனியம்மா ஞாபகம். திரும்ப ஏறவில்லை.

இன்டர்வியூ நன்றாகப் போனது. "உங்கள் ஆய்வில் உங்களை மாற்றிய ஒரு குரல்?" என்றார்கள். மல்லிகாவைச் சொன்னேன். பால்கனி, பூட்டு, மழை, உள்ளே டிவி ஓடும் சத்தம். எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கு அத்துப்படி. ஓர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே வந்து போனைப் பார்த்தால் பழனியம்மாவின் மிஸ்டு கால் வரிசையாக. திருப்பிக் கூப்பிட்டேன். பின்னால் இடிக்கும் மிஷின் சத்தம், யாரோ "பையா, ருக்கோ, ருக்கோ" என்று நிறுத்தச் சொல்லிக் கத்தல். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள் போலிருக்கிறது. நானும் நின்றேன்.

நவம்பர் 15, சனி

போனேன். சுவர் இருந்த இடத்தில் செங்கல் குவியல். நம்பர் போட்ட வீடுகளும் இல்லை, ஆனால் அவர்கள் கையில் மாற்று வீட்டுக்கான சீட்டு. பழனியம்மா கட்டிலில், சுற்றிலும் குக்கர், சாமி படம், மடக்கிய தகரம். சாப்பிட்டியா என்று கேட்டாள். என்னை!

வக்கீல் ஊரில்தான் இருந்தாள், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். ஏன் என்றாள். இன்டர்வியூ என்றேன். குக்கர் மூடியிலிருந்த மண்ணைத் துடைத்தாள். பிறகு, "கிடைச்சுதா?" என்றாள்.

அவமானம். வேறு வார்த்தை தேடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

புரொஃபசர் பதவி கிடைத்துவிட்டது. துறையில் பர்பி.

நெறிக்குழுவுக்குக் காத்திராமல் பழனியம்மாவோடு நோட்டரியிடம் போனேன். தலைவர் கோபித்துக்கொள்வார், கொள்ளட்டும். வீடு நின்றபோது வராத தைரியம். இனி தடை கேட்க ஒன்றுமில்லை. மாற்று வீடாவது கேட்கலாம் என்கிறாள் தோழி, உறுதி இல்லை.

கோர்ட் வாசல் மரத்தடி. நோட்டரி ஹிந்தியில் சத்தமாக வாசித்தார், அறிக்கையில் மல்லிகா என்று குறிப்பிடப்பட்ட பெண் இந்தப் பழனியம்மாதான் என்று.

"யாரு மல்லிகா?"

"நீங்கதான். புக்குல உங்களுக்கு வெச்ச பேரு. அந்தப் பேர்லதான் எல்லா ஊர்லயும் பேசினேன்."

யோசித்தாள். கேலியெல்லாம் இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அவளுக்காவது வூடு குடுத்தாங்களா?"

இல்லை என்றேன். நோட்டரி கையெழுத்துப் போட இடம் காட்டினார்.