ஸ்ரீரங்கத்தில் இறங்க விடாத அக்காவுக்கு

அக்கா,

நீல ரெக்சின் பையை இன்று காலை மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். உங்கள் பைதான். எத்தனை வெயில் பட்டாலும் அதன் வாசனை போகாது போலிருக்கிறது. புளிக்காய்ச்சல், துணி சோப்பு, கொஞ்சம் ரச கற்பூர உருண்டை, எல்லாம் கலந்த ஒரு வாசனை. உள்ளே கையை விட்டால் நைலான் கயிறு, ஒரு கொத்து கிளிப், ஒரு பூட்டு, பாதி கரைந்த சோப்பு. எல்லாம் நீங்கள் வாங்கி வைத்தவைதான். நேற்று மாலைதான் மகாபலிபுரத்திலிருந்து திரும்பினோம். நீங்கள் இல்லாமல் இந்தக் குடும்பம் போய்வந்த முதல் பயணம் அது.

நேற்றிலிருந்து என் மண்டைக்குள் ஒரே குழப்பம். நீங்கள் என்னிடம் ஒரு தடவை கேட்டீர்களே, "அடுப்பைப் பத்த வச்சுட்டியா?" என்று. குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நேற்று நம் வீட்டு அடுப்படியில் நின்றபோது, அது குத்தல் இல்லையோ என்று தோன்றிவிட்டது. தோன்றிய நேரத்திலிருந்து எதுவும் ஓடவில்லை. முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். அப்போதாவது எனக்குப் புரிகிறதா பார்ப்போம்.

நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது நீங்கள் மூத்த மருமகளாகி ஆறு வருஷம். ஒரே வீடு, ஒரே அடுப்படி, பள்ளிக்கூட அலுவலகத்தில் உங்களுக்கு வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எங்காவது போயே தீருவது என்று வைத்திருந்தீர்கள். கையில் இருப்பதோ சொற்பம். ஆனால் நீங்கள் திட்டம் போடுகிற அழகு இருக்கிறதே, அடேயப்பா! "சீசன்ல போகாத. சீசன் முடிஞ்ச மறுவாரம் போ. அதே கடல், அதே கல்லு, கூட்டம் மட்டும் இருக்காது" என்பீர்கள். முன்பதிவு திறக்கிற அன்று காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு, பரீட்சைக்குப் போகிற மாதிரி உட்காருவீர்கள்.

"கடலைப் பாத்த ரூம் எதுக்கு? கடலுக்கு நடந்து போக கால் இருக்குல்ல?" இது ஒன்று. கோயில் வாசலிலும் கடற்கரையிலும் தேடாமல், ரெண்டு தெரு உள்ளே நடந்து போய் விடுதி கேட்பீர்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், கூடுதலாக ரெண்டு பாய் தருவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் வாடகையே கேட்பீர்கள். ஆளுக்கு மூன்று செட் துணிக்கு மேல் கூடாது; மத்தியானம் அறையில் கயிறு கட்டி, துவைத்ததைக் காயப்போட்டுவிட்டு எல்லோரும் தூங்க வேண்டும். அவரவர் பையை அவரவர் தூக்க வேண்டும். முதல் நாள் புளியோதரை, மறுநாள் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். வழி கேட்பதென்றால் ஆட்டோக்காரரிடம் கேட்கக் கூடாது, பூக்காரம்மாவிடம் கேட்க வேண்டும். "ஒரு நாளைக்கு ரெண்டு இடம்தான். மூணாவது இடத்துல சண்டைதான் இருக்கும்" என்று நீங்கள் சொன்னதற்கு நாம் எல்லோரும் சிரித்தோம்.

மகாபலிபுரத்துக்கு எதற்கு மெட்ராஸ் வரை போக வேண்டும், செங்கல்பட்டில் இறங்கி பஸ் பிடித்தால் நேரமும் மிச்சம், காசும் மிச்சம் என்று கண்டுபிடித்தவர் நீங்கள். அப்படிப்பட்ட கெட்டிக்காரி திரும்பி வரும்போது என்ன செய்வீர்கள்? அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

வடக்கேயிருந்து வருகிற வண்டி முதலில் நம் ஸ்ரீரங்கத்தில் நிற்கும். ஸ்டேஷனிலிருந்து வீடு நடக்கிற தூரம். நீங்கள் இறங்க விடமாட்டீர்கள். நம் ஊர் ஜன்னல் வழியே வரும், கோபுரம் தெரியும், வண்டி நிற்கும், கிளம்பும். பிள்ளைகள் இரண்டும் சேர்த்து நாம் ஆறு பேரும் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்தபடியே காவிரியைத் தாண்டி திருச்சி ஜங்ஷன் வரை போவோம். அங்கே இறங்கி, எதிரே சந்துக்குள் இருக்கிற டிபன் கடையில் எல்லோரும் இட்லியும் ரவா தோசையும் சாப்பிட்டு, காபி குடித்து, பிறகு ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, மறுபடியும் காவிரியைத் தாண்டி, விட்டுவந்த அதே ஸ்ரீரங்கத்துக்கு வருவோம்! தண்ணீர் பாட்டில்கூட வாங்க விடாத நீங்கள், ஊர் எல்லைக்கு வந்த பிறகு ஆறு பேருக்கு ஓட்டல் சாப்பாடு வாங்கிக் கொடுப்பீர்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை.

கேட்டால் எப்போதும் ஒரே பதில். "ஸ்ரீரங்கத்துல ரெண்டு நிமிஷம்தான் நிக்கும். இத்தனை பையோட, பிள்ளைங்களோட இறங்க முடியுமா? ஜங்ஷன்னா நிதானமா இறங்கலாம்."

"பிள்ளைங்க வளந்துடுச்சுக்கா. அதுங்க நம்மள தூக்கி இறக்கிடும்" என்று நான் ஒரு வருஷம் சொன்னேன். நீங்கள் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. அத்தானும் என் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி இரண்டு பேருமாக, "அவங்க பிளான் போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று பேப்பரை மடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

கடைசியாக நீங்கள் எங்களைக் கூட்டிப்போனது காஞ்சிபுரத்துக்கு. திரும்பும்போது எனக்குத் தலைவலி. வண்டி ஸ்ரீரங்கத்தில் நின்றதும் என் மகள் பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்துவிட்டேன். "ஊர் சுத்தினது உங்களுக்கு இன்னும் பத்தலக்கா. எனக்குப் பத்தும்" என்று பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு இறங்கினேன். ஜன்னலில் உங்கள் முகம் தெரிந்தது. நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள், அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ரெண்டு நிமிஷம்தான் நிற்கும் என்பது அன்றைக்கு நிஜமாகவே இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து நீங்கள் வந்தீர்கள். நானும் பவித்ராவும் உப்புமா கிண்டிச் சாப்பிட்டு முடித்திருந்தோம். கையில் பொட்டலம் வைத்திருந்தீர்கள், இலை போட்டுக் கட்டிய இட்லி. அடுப்படி வாசலில் நின்று, வாணலியைப் பார்த்து, என்னைப் பார்த்து, "அடுப்பைப் பத்த வச்சுட்டியா?" என்று கேட்டீர்கள். நான் வாணலியைத் தேய்க்கத் திரும்பிவிட்டேன். பொட்டலத்தை மேடையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டீர்கள். அந்த இட்லியை நான் தொடவே இல்லை, மறுநாள் மாட்டுக்குப் போட்டேன். இதை இன்றைக்கு எழுதும்போது கை கூசுகிறது.

அப்புறம் நாம் சமாதானமாகிவிட்டோம், பேசினோம், சிரித்தோம். ஆனால் அதைப் பற்றி மட்டும் இரண்டு பேருமே பேசவில்லை. அடுத்த மார்கழிக்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இரண்டு வருஷம் யாரும் எங்கும் போகவில்லை. அத்தான் வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்று ஆகிவிட்டார். உங்கள் மகன் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டான். பவித்ராதான், "பெரியப்பாவை இப்படியே விட்டா அவ்ளோதான்மா. நீங்க பிளான் போடுங்க" என்றாள். நானா! பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். இந்தப் பயணம் சொதப்பினால் அத்தான் அப்புறம் வாசல் படியே தாண்டமாட்டார் என்ற பயத்தோடுதான் ஆரம்பித்தேன்.

சொதப்பினேன் அக்கா. கைபேசியில் ஒன்று மாற்றி ஒன்றாக விடுதி காட்டிக்கொண்டே இருந்ததில் தலை சுற்றிப்போய், கடலைப் பார்த்த அறையைப் போட்டுவிட்டேன். காற்றில் கதவு இரவெல்லாம் அடித்துக்கொண்டே கிடந்தது. ஒரே நாளில் ஐந்து இடம் காட்டினேன். மூன்றாவது இடத்தில் நீங்கள் சொன்ன சண்டை சரியாக வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்றார். நான் அழாத குறை. அப்போது அத்தான் தோளில் இருந்த உங்கள் நீலப் பையைத் திறந்து நைலான் கயிற்றை எடுத்துக் காட்டி, "இத ரூம்ல கட்டிட்டு எல்லாரும் மத்தியானம் தூங்கணும். அவ ரூல்" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் உங்களைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் போய்த் தூங்கினோம். சாயங்காலம் சரியாகிவிட்டது.

திரும்பும்போது டிக்கெட் ஸ்ரீரங்கம் வரைக்கும்தான் போட்டிருந்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இறங்கினோம், நடந்தோம், ஏழு மணிக்கு முன்னால் வீடு. பார்த்தீர்களா அக்கா, எவ்வளவு சுலபம் என்று மனசுக்குள் உங்களிடம் சொல்லிக்கொண்டேதான் கதவைத் திறந்தேன்.

அவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், மின்விசிறியைப் போட்டார்கள், உட்கார்ந்தார்கள். பவித்ரா கைபேசியோடு சாய்ந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பாமலே, "ஒண்ணும் பெருசா வேணாம்மா, சாதம் வச்சு ஒரு குழம்பு வச்சா போதும்" என்றார். பாவம், கரிசனமாகத்தான் சொன்னார். நான் பயணத்துப் புடவையோடு அடுப்படிக்குள் போனேன். மூன்று நாள் பூட்டிக் கிடந்த வாடை. பால் இல்லை, காய் இல்லை, தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டாரைப் போட்டு, அரிசியைக் களைந்து வைத்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியைக் கிழிக்கும்போது உங்கள் குரல் கேட்டது. "அடுப்பைப் பத்த வச்சுட்டியா?"

குச்சி விரலைச் சுட்டது. அப்படியே நின்றேன். இத்தனை வருஷமாக, ஊரிலிருந்து வந்த நாளில் நான் ஒரு தடவைகூட இப்படி நின்றதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அந்த ஒரு நாளைத் தவிர. ஜங்ஷனில் சாப்பிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்தால் பாயைப் போட வேண்டியதுதான் வேலை. அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிக்கொண்டே அந்தப் பஸ்ஸில் காலை நீட்டிக்கொண்டு வந்தவள் நான்தான். ஐயோ அக்கா!

அழுதுகொண்டே புளியைக் கரைத்தேன். குழம்பும் வைத்தேன், குழம்பியும் நின்றேன்.

இப்போது சொல்லுங்கள், அதற்காகத்தானா? "இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் சமைக்க மாட்டோம்" என்று ஆண்கள் முன்னால் நேராகச் சொல்ல முடியாமல்தான் ரயில்வேயின் மேல் பழியைப் போட்டீர்களா? அப்படியானால் என்னிடமாவது சொல்லியிருக்கலாமே! காதோடு ஒரு வார்த்தை. இல்லை, எனக்குத் தெரியும், நானும் ஒத்து நடிக்கிறேன் என்று நினைத்துவிட்டீர்களா? நான் நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் அக்கா. அன்று அடுப்படி வாசலில் உங்கள் முகம் வாடியது எனக்காகவா, உங்களுக்காகவா? ஒருவேளை இது எதுவுமே இல்லாமல், இருட்டுகிற நேரத்தில் காவிரியை இரண்டு தடவை பார்க்க ஆசைப்பட்டீர்களோ என்னவோ. நானே கதை கட்டிக்கொள்கிறேனா?

சாப்பிடும்போது அத்தானிடம் கேட்டேன். "ஏன் அத்தான், அக்கா எதுக்கு நம்மள ஜங்ஷன் வரைக்கும் இழுத்துட்டுப் போவாங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்னுதான் எங்கிட்டயும் சொன்னா" என்றார். பிறகு தட்டைப் பார்த்தார், என் ஈரப் புடவைத் தலைப்பைப் பார்த்தார். எழுந்து போய் அவர் தட்டை அவரே கழுவி வைத்தார். அவருக்குப் புரிந்ததா, தெரியாது.

இன்று மத்தியானம் அவராகவே, "அடுத்து பாண்டிச்சேரி போலாமா?" என்றார். பவித்ரா துள்ளிக்கொண்டு கைபேசியை எடுத்தாள். விழுப்புரத்தில் இறங்கி பஸ், சீசன் முடிந்த மறுவாரம், கடல் தெரியாத அறை என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அவள், "ரிட்டர்ன் ஸ்ரீரங்கம்தானேம்மா?" என்றாள்.

"ஜங்ஷன் போடு."

"ஏன்? நம்ம ஊர் முன்னாடியே வந்துடுதே" என்றார் என் வீட்டுக்காரர்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தடுமாறினேன் அக்கா. நீங்கள் இருந்தால் சொல்ல விடுவீர்களா, மாட்டீர்களா, அதுவும் தெரியவில்லை. மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றைச் சுற்றியபடியே சொன்னேன்.

"ஸ்ரீரங்கத்துல ரெண்டு நிமிஷம்தாங்க நிக்கும்."