வஹ்ரான் என்று காட்டிய கைப்பேசி

ஹாஜி,

"வஹ்ரான்லருந்து எவனோ நம்ம கணக்குக்குள்ள நுழைஞ்சிருக்கான், கடவுச்சொல்லை மாத்தணும்" என்று நேற்று குதித்தீர்கள். "உங்களோட சண்டை போட்டுட்டு அந்த ஊருக்குப் பஸ் ஏறின நம்ம பையன் நஸீமாத்தான் இருக்கும்ங்க" என்றேன். "ஆமா, உன் மகன் சலாம் சொல்ல வந்தானாக்கும்!" என்றீர்கள்.

காலையில் நம் சமையலறையில் நின்றே கைப்பேசியில் நான் கணக்குக்குள் நுழைந்து பார்த்தேன். அதற்கும் வஹ்ரான் என்றே எச்சரிக்கை வந்தது. நான் நம் ஊர் திலிம்ஸானை விட்டு அசையவே இல்லையே! திருடனுமில்லை, பிள்ளையுமில்லை. நாம் நுழைவதைத்தான் அது ஊர் மாற்றிச் சொல்கிறது.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தங்கை வீட்டுக்குப் போகிறேன். ஜும்ஆ முடிந்து வந்ததும் கூஸ்கூஸைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

ஸுலீகா

மறந்துவிட்டேன்: வெளியே போனால் சாவியைப் புதினாத் தொட்டிக்கு அடியிலேயே வையுங்கள். கடவுச்சொல்லையும் மாற்றாதீர்கள். நஸீமுக்குப் பழையதுதான் தெரியும்.