நாற்காலி மேல் போட்ட பழி

நவம்பர் 4

இதையெல்லாம் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் தன்னைப் பற்றி எழுதியதில்லை. முதலில் பட்டம் வாங்கியவள் நான். முதலில் எழுதுவதும் இடுப்பு வலியைப் பற்றி.

இன்று தீஸி வூஸு நகரத்தில் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். இத்தனை நாளும் முழங்காலுக்குத்தான் ஆலிவ் எண்ணெய் தேய்த்தோம், முழங்காலைத்தான் படமெடுத்தோம். இவர் இடுப்பைப் படமெடுத்தார். தொடை எலும்பின் பந்து உட்காரும் இடது பக்கக் கிண்ணம் ஆழமில்லையாம். பந்து சரியாக உட்காராமல் நடுவிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். அந்த வலிதான் தொடை வழியாக இறங்கி முழங்காலில் தெரிகிறதாம்.

"இந்த வயசுல மூட்டு மாத்த வேணாம்மா. முடிஞ்சவரைக்கும் தள்ளிப்போடுவோம்."

பிறகு கேட்டார்: "கைக்குழந்தையா இருக்கும்போது காலை நீட்டிச் சேர்த்துத் துணியால சுத்திக் கட்டினாங்களா?"

தெரியாது என்றேன். தெரியும். எங்கள் ஊரில் எல்லோரையும் கட்டுவார்கள்.

"அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். குடும்பத்துலயும் வரும். ஆனா பிறக்கும்போதே தளர்ந்த இடுப்பா இருந்தா அந்தக் கட்டு கெடுத்துடும்."

ஒன்றும் தோன்றவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அக்கா தஹ்பியாவுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

நவம்பர் 5

யெம்மாவிடம், என் அம்மாவிடம், தேய்மானம் என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 19

பயிற்சி கொடுக்கும் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். ஊன்றுகோலை வலிக்கிற பக்கமே பிடித்திருந்தேன். "பாரத்தை அங்கயே ஏத்துறியே. வலது கைக்கு மாத்து." தரையில் உட்காரக் கூடாது. நடப்பதை நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் இன்னும் இறுகுமாம்.

வீட்டில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் குஸ்குஸ் சாப்பிடுகிறோம். நான் மட்டும் உயரத்திலா? தரையிலேயே உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 2

ஆலிவ் பறிப்பு. கீழே விழுந்ததைக் குனிந்து பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு வெர்தியா அத்தை யெம்மாவிடம், "என்னடி, உன் சின்னவ வாத்து மாதிரி ஆடி ஆடிப் போறா?" என்றாள்.

"காலேஜு நாற்காலிதான். வருஷக்கணக்கா அதுல உக்காந்தா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் யெம்மா.

"பட்டம் வாங்கிட்டு வருவான்னு பாத்தா நாற்காலியையே இடுப்புல மாட்டிட்டு வந்துட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிசம்பர் 12

பெண் குழந்தை. பேர் தீனா. அக்கா எங்கள் வீட்டில் இருக்கிறாள்.

டிசம்பர் 15

குழந்தை பிறந்ததற்குக் கிண்டிய தமினா இனிப்பைச் சாப்பிட வந்த பெண்களுக்கு நடுவில் யெம்மா குழந்தையைக் கட்டினாள். முழங்கால் இரண்டையும் உள்ளங்கையால் அழுத்தி நேராக்கி, துணியை இழுத்து இழுத்துச் சுற்றினாள்.

"உன் கட்டுதான் கட்டு," என்றாள் வெர்தியா அத்தை.

"என் கையில வளந்ததெல்லாம் தேவதாரு மாதிரி நேரா நிக்கும்."

தேன் ஒட்டிய கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் வாயே வரல எனக்கு? காலை விடுன்னு சொன்னா என்ன அர்த்தம் — என்னைக் கெடுத்தது உன் கைதான்னு அர்த்தம். வேற எப்படிச் சொல்றது? சொல்லலன்னா? இந்தப் புள்ளையும் ஒரு நாள் சுவத்தப் பிடிச்சு எந்திரிக்கணுமா?

டிசம்பர் 16

சொல்லவில்லை.

டிசம்பர் 17

சொல்லவில்லை. இடுப்பு வலிக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. பயிற்சியைச் செய்தேன்.

டிசம்பர் 19

குழந்தை தவளை மாதிரி கால்களை மடக்கி விரித்துத் தூங்குகிறது. இது குடும்பத்திலும் வருமாம் என்று அக்காவிடம் மட்டும் சொன்னேன்; திங்கட்கிழமை குழந்தையின் இடுப்பைப் பரிசோதிக்கக் கூட்டிப்போகிறாள். யெம்மாவும் கூடப் போகிறாளாம், அக்காதான் சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் யெம்மா பெரிய தட்டைத் தரையில் வைத்தாள். பிறகு உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டாள். என் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் குழந்தையைக் கட்ட அவள் துணியை விரித்தபோது அவள் கைமேல் என் கையை வைத்திருந்தேன். டாக்டர் கேட்டதைச் சொல்லவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. என் ஊன்றுகோலைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான் கேட்டதும் இவ்வளவுதான்:

"யெம்மா, கையை வேணா கட்டிக்கோ. காலை மட்டும் விட்டுடு."