மிக்கேல் மீதான புகார்கள்

நாள் 9, காலை

காற்றழுத்தம் சரி. வெப்பநிலை சரி. தண்ணீர் சுத்திகரிப்பு சரி. மிக்கேல் சரியில்லை.

இந்தப் பதிவு பின்னாளில் யார் கைக்குப் போகுமோ தெரியாது, அதனால் முறையாகச் சொல்லிவிடுகிறேன். நான் நவநீதன், ஈரோடு, மின்னணுவியல் இறுதியாண்டு. பூமியைச் சுற்றிவரும் எங்கள் கல்லூரியின் சிறிய நிலையத்தில் ஆறு மாத ஆய்வுக்கு வந்திருக்கிறேன். கூட வந்தவன் மிக்கேல் பர்னாந்து, தூத்துக்குடி, இயந்திரவியல். இருவருக்கும் ஒரே அறை. விடுதியில் ரூம்மேட்டைச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்களே, அதே லட்சணத்தில்தான் இங்கேயும் ஜோடி சேர்த்திருக்கிறார்கள்.

நான் ஐந்து மணிக்கு எழுகிறவன். அவன் அப்போதுதான் தூங்கப் போவான். எடையில்லாத இடத்தில் குறட்டை குறையும் என்று படித்திருந்தேன். மிக்கேலின் மூக்கு அதைப் படிக்கவில்லை.

நாள் 14, மாலை

மிக்கேல் தன் சொந்தப் பொருட்களுக்கான எடை முழுவதையும் தூத்துக்குடி மக்ரூனுக்கே செலவழித்திருக்கிறான். கடித்தால் பொடிப்பொடியாக உதிரும் பண்டம். இங்கே உதிர்ந்தது கீழே விழாது. அறை முழுக்க வெள்ளைத் துகள் மிதந்து, கடைசியில் மின்விசிறிக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டியில் போய் அடைகிறது. சுத்தம் செய்கிறவன் நான். கேட்டால் எனக்கும் ஒன்றை நீட்டுகிறான்.

அந்த மின்விசிறி இன்னொரு தலைவலி. அவனுக்கு முழு வேகம் வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராதாம். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. நான் குறைக்கிறேன், அவன் கூட்டுகிறான். ரெகுலேட்டர் ஓயாமல் திரும்பிக்கொண்டிருக்கிறது.

நாள் 20, காலை

பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு திரும்பு கலத்துக்குள் போய்ப் படுத்தேன். பூமிக்குத் திரும்புவதற்காக நிலையத்தோடு ஒட்டியிருக்கும் கலம் அது. தனிக் காற்று, தனி விசிறி, குறட்டை இல்லாத சொர்க்கம். நான்கு நாள் நிம்மதி. அதற்குள் தரையில் தெரிந்துவிட்டது. அது படுக்கையறை அல்ல என்று சொல்லி, நான் வெளியே வந்த நேரம் பார்த்துக் கதவைப் பூட்டிவிட்டார்கள். இனி கீழிருந்து கட்டளை வந்தால்தான் திறக்குமாம்.

மிக்கேல் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நாள் 23, மாலை

குரல் தொடர்பு முதல் வாரமே செத்துவிட்டது. எழுத்து மட்டும் போகும், வரும்; இந்தப் பதிவும் அதோடு கீழே போகிறது. கீழே அதைப் பெற்றுக்கொள்பவள் இரண்டாமாண்டு ஹசீனா. நேற்று அவளிடமிருந்து வந்தது:

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பதிவுகளை விடுதி ரேடியோவுல தினமும் வாசிக்கிறோம். அறை எண் ஒன்றுன்னு பேரு. நடுவுல சிரிப்புச் சத்தம் சேர்ப்போம். மெஸ்ல தோசையை விட்டுட்டு கேக்குறாங்க. இன்னும் கொஞ்சம் தூக்கலா திட்டுங்க."

நான் இங்கே வயிறெரிந்து எழுதுவது அங்கே நகைச்சுவைத் தொடராம். உடனே நிறுத்தச் சொல்லிக் காட்டமாக எழுதினேன். இன்று அதையும் வாசித்திருக்கிறார்கள். மிக்கேலுக்கு ஒரே சந்தோஷம். எந்த இடத்தில் அதிகம் சிரித்தார்கள் என்று ஹசீனாவிடம் விசாரிக்கச் சொல்கிறான்.

நாள் 37, காலை

ரெகுலேட்டர் எரிந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் திருகினால் அதுவும் எத்தனை நாள்தான் தாங்கும்? மாற்று கிடையாது. எடை மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை ஏற்றவில்லை.

மிக்கேல் கம்பியை நேராக இணைத்தான். விசிறி இப்போது முழு வேகத்தில் மட்டுமே ஓடும். அவன் ஜெயித்துவிட்டான். மோட்டார் சூடேறுகிறது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டான், ஆனால் அவனிடமும் வேறு வழி இல்லை.

நாள் 39, மாலை

மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிட்டது. விசிறி நின்றுவிட்டது.

அறை அமைதியாக இருக்கிறது. நான் இத்தனை நாள் கேட்ட அமைதி. அதில் உட்கார்ந்து ஒரு மக்ரூன் துகளைப் பார்த்தேன். என் மூக்குக்கு முன்னால் அப்படியே நிற்கிறது. வடிகட்டிப் பக்கம் நகரவில்லை.

காற்று நகரவில்லை. இங்கே மூச்சின் சூடு மேலே போகாது. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே நிற்கும், அதையே திரும்ப இழுப்போம். கரியமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி அந்தக் கோடியில் சும்மா இருக்கிறது. தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம்.

தரைக்கு அவசரச் செய்தி: திரும்பு கலத்தின் கதவைத் திறக்கவும். உடனே.

நாள் 40, காலை

ஹசீனாவின் பதில்: "சஸ்பென்ஸ் சூப்பர் அண்ணா. மக்ரூன் அப்படியே நிக்குதுன்ன இடத்துல மெஸ்ஸே அமைதியாயிடுச்சு. மீட்டரைப் பார்த்தேன், காற்று நார்மல்தான். கலத்துல போய்த் தூங்க இப்படி ஒரு வழியா?"

மீட்டர் வடிகட்டியின் வாயிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கே எப்போதும் சுத்தமாகத்தான் காட்டும். நாங்கள் அங்கே மூச்சு விடவில்லை. இதை மூன்று முறை விளக்கி அனுப்பிவிட்டேன். எவ்வளவு கத்தினாலும் அவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இப்போதைக்கு ஒருவன் தூங்கும்போது மற்றவன் கோப்பின் அட்டையால் முகத்துக்கு விசிறுகிறான். மிக்கேல் விடிய விடிய விழித்திருப்பவன், நான் விடியலில் எழுகிறவன். முதல் தடவையாக அது உபயோகப்படுகிறது.

நாள் 40, மாலை

மிக்கேல் எழுதுதேன். தங்கச்சி, இது வெளாட்டு இல்ல. ஃபேன் கருகிட்டு. ரெண்டு பேருக்கும் தல வெடிக்குது. நவநீதன் எழுதுனதெல்லாம் நெசம், நான் கொறட்டை விடுறது உள்பட. அவன் சும்மா சண்டை போடுதான்னு நெனைக்காதீங்க. கதவத் தொறந்து விடுங்க, போதும்.

நாள் 41, காலை

"மிக்கேல் அண்ணா பேசுற மாதிரியே எழுதியிருக்கீங்க, அப்படியே அசல். ராத்திரி இதைத்தான் வாசிக்கப் போறோம்."

படித்துவிட்டு மிக்கேல் கூடச் சிரிக்கவில்லை. நான் திரையைக் குத்தினேன். வலித்தது கைக்குத்தான்.

சோப்பு டப்பா எது யாருடையது என்று அரை மணி யோசித்தேன். தலை சரியாக ஓடவில்லை.

நாள் 41, மாலை

விசிற என் முறை வந்தபோது மிக்கேல் எழுப்பவில்லை. நான் முழுத் தூக்கம் தூங்கியிருக்கிறேன். அவன் தன் தூக்கத்தையும் விட்டு, அவ்வளவு நேரமும் எனக்கு விசிறியிருக்கிறான். நான் கண் திறந்தபோதும் கை ஆடிக்கொண்டிருந்தது. உதடு நீலம். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். "நீ நல்லா தூங்குன மக்கா" என்றான். உடனே கண் செருகிவிட்டது.

இடது கையால் விசிறிக்கொண்டே வலது கையால் எழுதுகிறேன். திட்ட எதுவும் தோன்றவில்லை. மிக்கேல் நல்லவன். மக்ரூன் நன்றாக இருக்கிறது, முதல் நாளே வாங்கித் தின்றிருக்கலாம். விசிறி முழு வேகத்தில் ஓடியிருக்கலாம். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கிறது. மிக்கேலைப் பற்றிக் குறை எதுவும் இல்லை.

நாள் 41, இரவு

"அண்ணா? இது நீங்கதானா? மிக்கேல் அண்ணாவைப் பத்தி ஒரு குறைகூட இல்லாம நீங்க எழுதினதே இல்லையே. இதை வாசிக்கவே முடியல. நிலையத்துக்குப் பொறுப்பான மேடத்தை எழுப்பிட்டேன். மீட்டர் எங்க இருக்குன்னு இப்பதான் வரைபடத்தைப் பார்த்தாங்க. கதவு திறக்கிற கட்டளை வந்துட்டிருக்கு. ரெண்டு பேருல யாராவது பதில் போடுங்க."

"பதில் போடுங்க அண்ணா."

"நாங்க யாரும் சிரிக்கல. பதில் போடுங்க."

நாள் 42

கதவு திறந்தது. அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே எடை இல்லை, ஆனாலும் கனத்தான்.

கலத்துக்குள் இருக்கிறோம். விசிறி ஓடுகிறது. முழு வேகம். அவன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன். அவனைப் பக்கத்து இருக்கையில் கட்டியாகிவிட்டது. கண் மூடியிருக்கிறான். சத்தத்தில் அவன் மூச்சு கேட்கவில்லையோ என்று விசிறியை ஒரு நொடி நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் கேட்கவில்லை. மறுபடி போட்டுவிட்டேன்.

ஹசீனா, இதை வாசி. எல்லாருக்கும் வாசி.

புகார்: மிக்கேல் குறட்டை விடவில்லை.

மிக்கேல் குறட்டை விட…