பாகாலா ஸ்டேஷனில் வராதவள்

உன் ஆட்டோகிராஃப் நோட்டு என் மடியில் இருக்கிறது. பாச்சை உருண்டை வாசனை அடிக்கிறது. ரோஸ், பச்சை, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வந்த தாள்கள் எல்லாம் பழுத்து ஒரே நிறமாகிவிட்டன. காலையில் உன் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பள்ளிப்பட்டிலிருந்து பஸ் மாறி மாறி, திருச்சானூர் ரோட்டில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். என் முழங்கால் இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதனால் காரியத்துக்கு நான் வரவில்லை. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது கேட்க வேண்டியது வேறாகிவிட்டது.

நீ போய்விட்டாய் என்று போன் வந்த அன்றுகூட எனக்கு இப்படி ஆகவில்லை. எண்பது தாண்டியாகிவிட்டது, யார் முந்திப் போவது என்பதுதான் பாக்கி என்று நாமே பேசிச் சிரித்ததுதானே. இன்று கை கால் ஓடவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, பக்கத்து வீட்டுப் பெண் வந்து அணைத்துவிட்டுப் போனாள். என்ன டீச்சரம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். வாயாடி என்று நீ பேர் வைத்தவளுக்கு வாய் வரவில்லை.

உன் பெண் அச்சு அசல் உன்னைப் போலவே காபியை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறாள். "அம்மா இத ஒருத்தரையும் தொட வுடல பெரிம்மா. கடைசியில, வாயாடி கையில குடுத்துடுன்னுச்சு" என்றாள். அப்புறம் அவளே சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "நீங்க டீச்சர் சீட்டுக்கு சித்தூர் போனீங்களே, அன்னிக்கு பாகாலாவுக்கு எங்கம்மா வந்துச்சு, உங்களுக்குத் தெரியுமா? ஸ்டேஷனுக்கு வெளிய புளியமரத்தாண்ட நின்னுக்கினு உங்களையே பாத்துக்கினு இருந்துச்சாம். நீங்க வண்டிய வுட்டுட்டு நிக்கிறதப் பாத்துட்டு, ஏறித் தொலையேண்டி, ஏறித் தொலையேண்டின்னு வாய்க்குள்ளவே திட்டிச்சாம். அடுத்த வண்டியில நீங்க ஏறின அப்புறந்தான் வூட்டுக்குத் திரும்பிச்சாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்தவள் ஏன் உள்ளே வரவில்லை? உன் பெண்ணுக்கும் தெரியவில்லை. அவளை பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டு வந்து நோட்டைப் பிரித்தேன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. நம்ம ஆறாம் ஃபாரம், அந்தக் கடைசி வகுப்புப் பையன்கள் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஒருவன் கலெக்டர், ஒருவன் ஸ்டேஷன் மாஸ்டர், ஒருவன் எஞ்சினியர் என்று கையெழுத்துக்குக் கீழேயே உத்தியோகமும் போட்டிருக்கிறான்கள். ஸ்டேஷன் மாஸ்டர் கடைசியில் நகரியில் தறிக்கு நூல் விற்றான், கலெக்டர் என்ன ஆனானோ. தெலுங்கு செக்‌ஷன் பெண்கள் மூன்று பேர் தெலுங்கில் முத்து முத்தாக எழுதியிருக்கிறார்கள். தமிழ் செக்‌ஷனில் பெண்கள் என்று இருந்தது நீயும் நானும்தான்.

பிரிவுபசாரத்து அன்று மத்தியானம் ஹாலில் ஆளுக்கு ஒரு தொன்னை காராபூந்தி, ஒரு மைசூர்பாகு, ஒரு கலர் சோடா. ஹெட்மாஸ்டர் ஒவ்வொருவரையும் எழுப்பி, பத்து வருஷம் கழித்து நீ எங்கே இருப்பாய் என்று கேட்டார். எங்கே என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆந்திரா பிரிந்து வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எந்த ஊர் மதராஸ் பக்கம் போகும், எது இங்கேயே நிற்கும் என்று டீக்கடையில் தினம் சண்டை. நீ எழுந்து நின்று, "எங்க ஊர் எந்தப் பக்கம் போனாலும் சரி சார், அங்க ஒரு பள்ளிக்கூடம் இருக்கும், அதுல நான் டீச்சரா இருப்பேன்" என்றாய். நல்ல கைத்தட்டல். அடுத்து நான். "நானும் அதே சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உன்னைப் பார்த்து எழுதுகிறவள் என்று பையன்கள் கேலி செய்தான்கள். கணக்கில் அது உண்மையும்கூட.

அன்று காலையில் ஆபீஸ் குமாஸ்தா சொன்ன விஷயம் நம் இரண்டு பேருக்குமே தெரியும். சித்தூர் டீச்சர் டிரெய்னிங் ஸ்கூலில் தமிழில் படித்த பெண்ணுக்கு நம் பக்கத்துக்கு ஒரே சீட்டு. மார்க்கு பார்த்து, நேரில் கூப்பிட்டுப் பேசி எடுப்பார்கள். நாம் இருவருமே மனு போட்டிருந்தோம். மார்க்கில் நீ எப்போதுமே எனக்கு மேலே. "யாருக்குக் கெடச்சாலும் ஒருத்தி டீச்சராவுறா, வுடு" என்றாய் நீ. உன்னால் அப்படிச் சொல்ல முடிந்தது. உன் நைனா, படிக்கிற வரைக்கும் படி என்று விட்டிருந்தார். என் வீட்டில், சீட்டு கிடைக்காவிட்டால் ஆவணியில் தாய்மாமனுக்குக் கட்டி வைப்பது என்று பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது. அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயசு கூட. முதல் சம்சாரம் செத்துப்போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

பரீட்சை முடிந்து நீ பீலேரில் உன் அக்கா வீட்டுக்குப் போனாய். சித்தூருக்குக் கூப்பிட்டு கார்டு வந்தது, இரண்டு பேருக்கும். நான் ரேணிகுண்டா வழியாக வர வேண்டும், நீ பீலேரிலிருந்து பாகாலாவுக்கு வந்து என் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும் என்று முன்னமே பேச்சு. பாகாலாவில் நான் இறங்கி நின்றேன். கையில் இரண்டு பொட்டலம் புளிச்சோறு. நீ இல்லை. ஒரு வண்டியை விட்டேன். அடுத்த வண்டியில் ஏறி, கடைசி ஆளாகப் போய் நின்றேன். சீட்டு எனக்குக் கிடைத்தது. மாமனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள்.

அன்று முதல் இது என் கதையாகிவிட்டது. டிரெய்னிங்கில் சொன்னேன், வேலைக்குச் சேர்ந்து சொன்னேன், திருப்பதிக்கு மாற்றலாகி வந்து ஒவ்வொரு வருஷமும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பி வைக்கிற விழாவில் சொன்னேன். ‘பாகாலா ஸ்டேஷனில் அன்று அவள் வரவில்லை’ என்றுதான் ஆரம்பிப்பேன். அப்புறம் அந்தப் பொட்டலம், விட்ட வண்டி, கடைசியில், சிநேகிதிக்காகக் காத்திருங்கள், ஆனால் வண்டியை விடாதீர்கள் என்று முடிப்பேன். நன்றாகக் கை தட்டுவார்கள். நான் ரிடையரான அன்று நீ முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். உன்னைக் கை காட்டியே சொன்னேன், ஏமாற்றினவள் இதோ உட்கார்ந்திருக்கிறாள் என்று. சபையே திரும்பி உன்னைப் பார்த்துச் சிரித்தது. நீயும் சிரித்தாய், எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாய். சாப்பாட்டுப் பந்தியில் மட்டும், "அந்தக் கதையில நான் வராததுதான்டி நல்லாருக்கு" என்றாய். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

இனி மூலை மடிப்புக்கு வருகிறேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நம் காலத்து ஆட்டோகிராஃபில், எல்லோரும் பார்க்கும்படி எழுதுவது நடுத்தாளில். மற்றவர் பார்க்கக் கூடாததை மூலையில் எழுதி, அந்த மூலையை முக்கோணமாக மடித்து, ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி ஒட்டிவிடுவோம். மேலே ‘ரகசியம்’ என்று எழுதுவோம். நோட்டுக்குச் சொந்தக்காரி மட்டும்தான் பிரிக்கலாம், அதுவும் வீட்டுக்குப் போய்த்தான். அப்படி எழுதியதைப் பற்றி அப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அது ஒரு கட்டுப்பாடு.

உன் நோட்டில் என் பக்கம் அன்றைக்கு நீலத் தாள். நடுவில் என் கையெழுத்தில், ‘ஒரே பள்ளிக்கூடத்தில் இருவரும் டீச்சராக இருந்து ஒரே நாளில் ரிடையராவோம்’ என்று இருக்கிறது. நான் இப்படித்தான் எழுதினேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம். மூலையில் ஒரு மடிப்பு இருந்தது. ஒட்டு எப்போதோ விட்டுப் போயிருக்கிறது, ஆனால் அதே மடிப்பில் ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரித்தேன்.

‘நீ சித்தூருக்கு வந்தால் உனக்குத்தான் கிடைக்கும். வராதே. இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாதே.’

என் எழுத்துதான். என் ‘தா’வின் கால் எப்போதும் கீழே இறங்கும், அது இறங்கியிருக்கிறது. அதற்குக் கீழே பென்சிலில், சின்னதாக, உன் எழுத்து.

‘சரி. பேசமாட்டேன்.’

இது வேறு யாரோ எழுதியது என்று கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தினவள் நான், காப்பியடித்த எழுத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பவள், என் எழுத்து எனக்குத் தெரியாதா? மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாய், நீ அப்படிப்பட்டவள். நான் நம்பவில்லை. வராதே என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பொட்டலத்தோடு போய் நின்று, ஒரு வண்டியையும் விட்டிருக்கிறேன் பார். நீ படித்திருக்க மாட்டாய் என்று நினைத்தேனா, வந்துவிட மாட்டாயா என்று ஆசைப்பட்டேனா, தெரியவில்லை. நீ வரவில்லை என்று கோபப்பட ஆரம்பித்தேன். கோபப்பட்டுக் கோபப்பட்டே மூலை மடிப்பு என் நினைவிலிருந்து போய்விட்டது.

எல்லைத் தீர்ப்பு வந்து உன் ஊர் மதராஸ் பக்கம் போனபோது உன் இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று. என் நகரி இங்கேயே நின்றது. நீ சொன்ன மாதிரியே உங்கள் ஊரில் பள்ளிக்கூடம் வந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து டீச்சர் ஒருத்தி வந்தாள். அவளுக்கு நீ தினம் ஒரு செம்பு மோர் கொடுத்து அனுப்புகிறாய் என்று எனக்குக் கடிதம் எழுதினாய். நான், உனக்கு இதெல்லாம் எதற்குடி, நீதான் சித்தூருக்கே வராமல் ஏமாற்றினாயே என்று பதில் போட்டேன். அதற்கும் நீ ஒன்றும் எழுதவில்லை. பேசாதே என்று நான் சொன்னதை அவ்வளவு நாளும் காப்பாற்றினாய். ஒரு தடவை திட்டியிருக்கலாம்டி. என் ரிடையர்மென்ட் மேடையில் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன் மேல் கோபமாகவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் உன் பெண்ணுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். "அது சரின்னு எழுதிடுச்சே பெரிம்மா. வுட்டுடுங்க" என்றாள். விட முடியவில்லை. எடுத்து என்னிடம் கொடுக்கச் சொன்னவள் நீ. விடுவதற்காகவா கொடுத்தாய்?

மேஜைமேல் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வைத்துவிட்டுப் போன அழைப்பு இருக்கிறது. அடுத்த வாரம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பி வைக்கிறார்கள், வழக்கம்போல நான் பேச வேண்டும், வழக்கம்போல பாகாலா கதை சொல்ல வேண்டும். போகாமல் இருந்துவிடலாம், முழங்கால் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் போகிறேன். நீலத் தாளையும் எடுத்துக்கொண்டு போகிறேன். இப்போதுதான் வாய் விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பழைய முதல் வரிதான் முதலில் நாக்கில் வந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடியும் ஆரம்பித்தேன்.

‘பாகாலா ஸ்டேஷனுக்கு அன்று அவள் வந்திருந்தாள், பிள்ளைகளே. வெளியே நின்றுகொண்டிருந்தாள்.’