தாயைத் தேர்ந்தெடுத்த நாற்காலி

மார்ச் 3
இன்றும் 'அப்புறம்' கூட்டம் போட்டார். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நாங்கள் செய்யும் மோட்டார் சக்கர நாற்காலியில் இரண்டு மாடல்கள்: கையால் ஓட்டுவது, முகவாயால் ஓட்டுவது. இரண்டுக்கும் நிரல் ஒன்றுதான். அது இரண்டு வித்தையையும் சுமந்துகொண்டு, 'நான் எந்த நாற்காலி?' என்று ஓட ஓடத் தன்னையே கேட்டுக்கொள்கிறது. புதிய சின்னச் சிப்பில் அடங்க மாட்டேன் என்கிறது. "முகவாய் மாடல இந்த வருஷம் விட்டுரலாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

விபத்துக்குப் பிறகு அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. முகவாய் மாடல் வராவிட்டால் யாராவது தள்ளினால்தான் உண்டு. மேலாளருக்கும் இது தெரியும். தெரிந்தே சொல்கிறார்!

மார்ச் 4
அண்ணனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மார்ச் 6
குளிக்கும்போது தோன்றியது. ஓடும்போது எதற்குக் கேட்க வேண்டும்? கம்பைல் செய்யும்போதே, அதாவது நான் எழுதியது சிப்புக்கான மொழிக்கு மாறும்போதே, முடிவு செய்துவிட்டால்? நிரலில் நாற்காலிக்கான பகுதியை, 'நாற்காலி' வகுப்பை, தாய்க்கு இடம் காலியாக விட்ட டெம்ப்ளேட்டாக எழுதிவிட்டு, அதற்கு வித்தையைக் கொடுக்கும் தாய் வகுப்பு எது என்பதை வெளியிலிருந்து கொடுக்கலாம். கை மாடலுக்கு ஒரு தாய், முகவாய் மாடலுக்கு ஒரு தாய். வேண்டாத தாய் சிப்புக்குள் காலே வைக்க மாட்டாள்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "பொறக்கறதுக்கு முன்னாடியே அம்மாவ செலக்ட் பண்ணிக்கலாமா? எனக்கு அந்தச் சான்ஸ் கெடைக்கலையே" என்றான். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள்.

மார்ச் 11
நிரல் சிப்பில் அடங்கிவிட்டது! இடம் மிச்சம் வேறு!

மார்ச் 12
மண்ணைக் கவ்வினேன். சோதனை ஓட்டத்தில் முகவாயால் 'நில்' கொடுத்தேன். நாற்காலி பீப் சத்தத்தை மட்டும் மரியாதையாக நிறுத்திவிட்டு, நேரே போய் மேலாளர் மேசையில் மோதியது. தேநீர் முழுக்க அவர் சட்டையில். "இதுலயா உங்க அண்ணன உக்கார வைக்கப் போற?" என்றார். துணி எடுத்து மேசையைத் துடைத்தேன். நான் என்ன தப்பு பண்ணேன்? நிறுத்தற வரிய தொடவே இல்லையே! அண்ணன் மட்டும் அதுல இருந்திருந்தா —

மார்ச் 13
பிடித்துவிட்டேன். தாய் யார் என்பது கடைசியில்தான் தெரியும் என்பதால், வெறுமனே 'நிறுத்து' என்று எழுதினால், மொழிமாற்றும் கம்பைலர் தாயிடம் போய்த் தேடாது. பீப்பை நிறுத்துவதற்கென்று யாரோ எப்போதோ எழுதிய, எந்த வகுப்பிலும் சேராத இன்னொரு 'நிறுத்து' வெளியே கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டது. பிழை என்று ஒரு வார்த்தை முனகக்கூட இல்லை, கழுதை. முன்னால் 'திஸ்', அதாவது 'என்னுடைய', என்று சேர்த்து, இது என் தாய்வழி வந்த நிறுத்து என்று புரியவைத்தேன். பீப்புக்காரனுக்கு வேறு பெயர் வைத்தாயிற்று.

மார்ச் 17
மேலாளரே ஏறி உட்கார்ந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு நடைவழி முழுக்க முகவாயால் ஓட்டினார். நில் என்ற இடத்திலெல்லாம் நின்றது. கடைசியில், "ரெண்டு மாடலும் விற்பனைக்குப் போகட்டும்" என்றார்.

"எப்ப சார்?"

"இப்பவே."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்! நானா, கொக்கா? படிக்கட்டில் நின்று ஆசை தீர அழுதேன்.

ஜூன் 2
வேலை முடிந்து வந்தால் அண்ணன் அறை காலி. அவனுக்கு வந்த புது முகவாய் நாற்காலியும் இல்லை. அம்மா வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள். "எங்க போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வரட்டும் இன்னைக்கு!" விபத்துக்குப் பிறகு அவள் அவனை இப்படித் திட்டி நான் கேட்டதே இல்லை.

நான் தேடப் போகவில்லை.